டொமினிகன் குடியரசில் வீடு வாங்க நினைக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு

பாளையங்கோட்டையில் ஐந்து சென்ட் மனை வாங்குவதென்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோருக்கு அத்துப்படி. மூலப்பத்திரம் எங்கே, முப்பது வருச வில்லங்கம் போட்டாச்சா, பட்டா யார் பேரில் இருக்கு, உட்பிரிவு ஆகியிருக்கா, கூடப் பிறந்த பெண் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களா. இதே கேள்விகளோடு டொமினிகன் குடியரசின் சுற்றுலா ஊரான புன்டா கானாவில் போய் நின்றால் பாதிக்கு அங்கே வேலையே கிடையாது. அங்கே அவசியம் கேட்க வேண்டிய சில கேள்விகளோ நம் கையில் இருக்காது. கப்பல் வேலையில் இருக்கிற வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்து ஆட்களும், அமெரிக்காவில் குடியிருக்கிற நம் ஊர்க்காரர்களும் இந்த நாட்டில் இடம் பார்க்கிறார்கள் என்றால், முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தக் கேள்விப் பட்டியலைத்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. டொமினிக்கா சின்னத் தீவு. ஆங்கிலம் பேசுகிற நாடு. முதலீட்டுக்குக் குடியுரிமை கொடுக்கும் நாடுகளில் ஒன்று. டொமினிகன் குடியரசு ஹெய்ட்டியோடு ஒரே தீவைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய நாடு. ஸ்பானிய மொழி, பிரெஞ்சு வழிச் சட்டம், தலைநகர் சான்டோ டொமிங்கோ. விளம்பரத்தில் இரண்டையும் கலந்து, "வீடு வாங்கினால் பாஸ்போர்ட்" என்று சொல்கிறவர் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குடியரசில் 2 லட்சம் டாலர் முதலீட்டுக்குக் கிடைப்பது வசிப்பு அனுமதிதான். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இந்தியக் குடியுரிமை அந்த நிமிடமே போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கரீபியன் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. செயின்ட் லூசியா, ஆன்டிகுவா, கிரெனடா போன்ற தீவுகளில் வெளிநாட்டவர் நிலம் வாங்கத் தனி உரிமம் வாங்க வேண்டும். டிரினிடாடில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருக்க ஒரு ஏக்கர், தொழிலுக்கு ஐந்து ஏக்கர் வரை உரிமம் இல்லாமல் வாங்கலாம். பக்கத்திலேயே இருக்கிற டொபேகோவில் 2007 முதல் உரிமம் கட்டாயம். டொமினிகன் குடியரசில் 1998-இல் வந்த 21-98 என்ற ஆணை, வெளிநாட்டவர் அதிபரின் அனுமதி வாங்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. பாஸ்போர்ட்டும் அங்கத்திய வரி எண்ணும் இருந்தால் உள்ளூர்க்காரர் வாங்குவது போலவே வாங்கலாம். இப்படி வழி திறந்திருப்பதால் அரசாங்கம் நமக்காக எதையும் சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பது முழுக்க நம் வேலை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நம்மூரில் சார்பதிவாளர் பதிவது ஆவணத்தை. அந்த ஆவணத்தில் விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் பத்திரத்துக்கு மேல் பத்திரமாகப் பின்னோக்கிப் போகிறோம். டொமினிகன் குடியரசில் 1920-இலிருந்து டோரன்ஸ் என்ற நிலப்பதிவு முறை. இப்போது நடப்பில் உள்ளது 2005-இல் இயற்றி 2007-இல் அமலுக்கு வந்த 108-05 சட்டம். அங்கே பதிவாவது உரிமையே. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவேட்டில் ஏறாத பாத்தியதை மூன்றாம் நபரைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு முழுப் பணமும் கொடுத்துவிட்டு, பதிவுக்குத் தாக்கல் செய்வதை மூன்று மாதம் தள்ளிப்போட்டால், அந்த மூன்று மாதமும் நீங்கள் வெறும் ஒப்பந்தக்காரர்தான். விற்றவரின் கடன்காரர் ஒருவர் இடையில் வந்து ஜப்தி ஏற்றினால் அவர் முந்திவிடுவார்.

உரிமைச் சான்றுக்கு அங்கே 'செர்ட்டிஃபிகாதோ தே தீத்துலோ' என்று பெயர். மூலம் பதிவகத்திலேயே இருக்கும். உரிமையாளர் கையில் இருப்பது அதன் இணைப்படி. அதில் மனையின் அடையாள எண், சதுர மீட்டரில் பரப்பு, உரிமையாளர் பெயர், அவருடைய அடையாள அட்டை எண், 'மத்ரிகுலா' என்ற பதிவு எண் எல்லாம் இருக்கும். கிரயத்தைப் பதிய இந்த இணைப்படியை ஒப்படைத்தாக வேண்டும். எனவே விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமோ ஜெராக்ஸோ எதற்கும் ஆகாது. கையெழுத்து நாளன்று அந்தத் தாள் உங்கள் வக்கீல் கைக்கு வர வேண்டும். "தொலைந்துவிட்டது, புதிதாக எடுத்துத் தருகிறோம்" என்றால் எடுத்து முடியும் வரை ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

நம் வில்லங்கச் சான்றுக்கு இணையாக அங்கே மனையின் சட்டநிலைச் சான்று என்று ஒன்று பதிவகம் தரும். அடமானம், ஜப்தி, ஆட்சேபணை, வழக்குக் குறிப்பு எல்லாம் அதில் தெரியும். அது வாங்கிய தேதிக்கு மட்டும் உண்மை. முன்பணம் கொடுக்கும் முன் ஒன்று, இறுதிக் கையெழுத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் இன்னொன்று என்று இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர் தரும் சான்றை வைத்துக்கொள்ளாமல் உங்கள் வக்கீலே விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

இனி சொல்லப்போவதில்தான் வெளிநாட்டவர் அதிகம் மாட்டுகிறார்கள். நம்மூரில் கூட்டுப் பட்டா தெரியும். பத்து ஏக்கர் ஒரே சர்வே எண்ணில், ஏழு பேர் பெயரில், உட்பிரிவு ஆகாமல் கிடக்கும்; அதில் ஒருவர் "வடகிழக்கு மூலையில் என் பாகம்" என்று கையைக் காட்டி விற்பார். அதே சங்கதி அங்கே 'கொன்ஸ்தான்சியா அனோதாதா' என்ற பெயரில் உண்டு. பெரிய ஒரு நிலத்துண்டில் இத்தனை சதுர மீட்டருக்கு இவர் உரிமையாளர் என்று சொல்லும் குறிப்புச் சான்று அது. எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதே நிலத்துண்டில் ஐம்பது பேருக்கு அப்படிச் சான்று இருக்கலாம். எல்லாருடைய பரப்பையும் கூட்டினால் நிலத்தின் பரப்பைவிட அதிகமாக வருவதும் உண்டு. கடல் தெரியும் முகப்பைக் காட்டி விற்றுவிட்டு, அளக்கும்போது உங்கள் பங்கு பின்னால் சதுப்பில் விழுந்தால் கேட்பதற்கு ஆதாரம் இருக்காது.

இதற்கு மருந்து 'தெஸ்லிந்தே'. உரிமம் பெற்ற நில அளவையாளர் அந்தப் பாகத்தை அளந்து, பக்கத்துக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, தேசிய அளவை இயக்குநரகத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வாங்கி, நில நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதன் பிறகு பதிவகம் தனி உரிமைச் சான்று தருவது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதோடு ஒப்பிடலாம். ஆனால் நீதிமன்றம் நடுவில் இருப்பதால் கனம் அதிகம், காலமும் அதிகம். ஆட்சேபணை வந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். தெஸ்லிந்தே முடிந்த மனைக்கு 12 இலக்க இட எண் கிடைக்கும். வரைபடத்தில் அது உட்காரும் இடம் திட்டவட்டமாகத் தெரியும். சான்றில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். "தெஸ்லிந்தே நடந்துகொண்டிருக்கிறது, விலை அதனால்தான் குறைவு" என்று சொன்னால், முடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அடுக்குமாடி வீடானால் இந்தக் கவலை குறைவு. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சான்று உண்டு. அந்தப் பிரிப்பு பதிவாகிவிட்டதா என்பதை மட்டும் உறுதிசெய்ய வேண்டும்.

தெஸ்லிந்தே இருந்தாலும் இன்னொரு அளவையாளரை நீங்களே கூலிக்கு வைத்து மூலைக்கற்களைச் சரிபார்ப்பது புத்திசாலித்தனம். வரைபடம் ஒன்று சொல்லும், வேலி இன்னொன்று சொல்லும். பக்கத்துக்காரர் இரண்டு மீட்டர் உள்ளே வந்திருந்தால் வாங்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. அளவு பற்றியும் ஒரு சொல் சொல்லிவிடுகிறோம்: நாட்டுப்புறத்தில் 'தாரேயா' என்ற அளவில் பேசுவார்கள். ஒரு தாரேயா 628.86 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் பதினைந்தரை சென்ட். ஆறரை தாரேயா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர்.

சில வகை நிலத்தின் பக்கமே போக வேண்டாம். விவசாயச் சீர்திருத்தத்தில் அரசு உழவர்களுக்குக் கொடுத்த நிலத்துண்டுகள், நம் பஞ்சமி நிலம் மாதிரி, இஷ்டப்படி கை மாறக் கூடாதவை. பதிவே ஆகாத அனுபவ நிலத்தை மலிவாகக் காட்டுவார்கள். முதல் பதிவு நடக்கிற வரை அது உரிமையே இல்லை. முதல் பதிவு நடந்த பிறகும், மோசடி என்று காட்டி மறுஆய்வு கேட்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஆகவே சான்று போன மாதம்தான் பிறந்தது என்றால் அந்த ஓராண்டு கழியட்டும். கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 60 மீட்டர், 1968-இன் 305-ஆம் சட்டப்படி பொதுச் சொத்து. உவரிக் கரையில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும். "கடல் வரை உங்களுக்கே" என்று எழுதிய எந்தக் காகிதமும் அந்த 60 மீட்டருக்குச் செல்லாது.

டோரன்ஸ் முறை என்றால் மோசடியே நடக்காது என்று நினைத்துவிடக் கூடாது. பெதெர்னாலெஸ் மாகாணத்தில் பாயியா தே லாஸ் ஆகிலாஸ் என்ற கடற்கரையின் அரசு நிலம் 1990-களில் துண்டு துண்டாகத் தனியார் பெயருக்கு உரிமைச் சான்றோடு போனது. 2014-இல் நில நீதிமன்றம் அந்தச் சான்றுகளை ரத்து செய்தது. பெரிய நிலப்பரப்பில், அரசிடமிருந்து அண்மையில் பிரிந்து வந்த மனைக்கு மட்டும் நம் ஊர்ப் பழக்கப்படி பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது வீண்போகாது.

வக்கீல் விஷயம். அங்கே நோட்டரி ஒரு வழக்கறிஞர்தான்; பெரும்பாலும் அவர் சான்றளிப்பது கையெழுத்தை. அவர் முத்திரையைப் பார்த்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லாம் முடிந்த மாதிரி நிம்மதியாகிவிடக் கூடாது. கட்டுமான நிறுவனத்தின் வக்கீல், தரகர் காட்டும் வக்கீல் இருவரும் வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒருவர். கட்டணம் வழக்கமாக விலையில் 1 முதல் 1.5 சதவீதம். ஒப்பந்தம் ஸ்பானிய மொழியில் இருக்கும், அதுதான் செல்லும். நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் படியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நம் கிரய ஒப்பந்தம் அங்கே 'ப்ரொமேசா தே வென்தா'. முன்பணம் 10 சதவீதம் என்பது சாதாரணம். உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், எந்தக் கணக்கில் கிடக்கும் என்ற இரண்டு வரியும் அதில் இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். விற்பவர் மணமானவர் என்றால் துணையின் கையெழுத்தும் வேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் வந்து கிரயத்தையே எதிர்ப்பார். வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் காலி செய்த பிறகே இறுதிப் பணம். அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற கடிதம், தினவாடகைக்கு விடச் சங்க விதி அனுமதிக்கிறதா என்ற விவரம். விதியைப் படிக்காமல் வாங்கிவிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு விட முடியாமல் விழிப்பவர்கள் உண்டு.

சொத்தைப் பெயர் மாற்றக் கட்டும் மாற்று வரி 3 சதவீதம். நம்மூரில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று கட்டிப் பழகியவர்களுக்கு இது லேசாகத் தெரியும். 1,50,000 டாலர் வீட்டுக்கு 4,500 டாலர். ஆனால் வரித்துறை தன் மதிப்பீட்டில் கூடுதல் தொகை போட்டால் அதன்மேல் கட்ட வேண்டும். கையெழுத்தான ஆறு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அபராதம் ஏறும். ஆண்டு சொத்துவரி, உங்கள் சொத்துகளின் மொத்த மதிப்பு அந்நாட்டு நாணயமான பெசோவில் சுமார் ஒரு கோடியைத் தாண்டும் பகுதிக்கு 1 சதவீதம். மார்ச் 11, செப்டம்பர் 11 என்று இரண்டு தவணை. கொன்ஃபோத்தூர் என்கிற சுற்றுலா ஊக்கச் சட்டத்தில் வரும் திட்டமானால் மாற்று வரியும் 15 ஆண்டு சொத்துவரியும் இல்லை. விற்பனைக்காரர் வாயால் "கொன்ஃபோத்தூர் உண்டு" என்பது போதாது. திட்டத்துக்கு இறுதித் தீர்மானம் வந்துவிட்டதா, வெறும் தற்காலிக வகைப்பாடா என்று எண்ணோடு கேளுங்கள். சலுகை முதல் வாங்குபவருக்கானது; மறுவிற்பனையில் வாங்கினால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை விமானம் ஏறும் முன்னால் விட்டுவிட வேண்டும். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சம் கையில் ரொக்கம் என்கிற சோலி. அங்கே 2017-இன் 155-17 சட்டப்படி 10 லட்சம் பெசோவுக்கு மேற்பட்ட சொத்துக்கு ரொக்கம் கூடாது. அது போகட்டும், நஷ்டமே உங்களுக்குத்தான். பத்திரத்தில் குறைத்து எழுதினால் நாளை விற்கும்போது வித்தியாசம் முழுவதும் லாபமாகி வரி விழும். வசிப்பு அனுமதிக்குக் காட்டும் முதலீடும் குறையும். இந்தியாவில் வங்கி வழியாக அனுப்பிய தொகையோடும் பொருந்தாது.

கட்டுவதற்கு முன்பே வாங்கும் வீடுகளில் தவணை கட்டிய பிறகு வேலை நின்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து. 2011-இன் 189-11 சட்டத்தின் கீழ் அறக்கட்டளை (டிரஸ்ட்) அமைத்து, நிலமும் வாங்குபவர் பணமும் அதற்குள் இருக்கும் திட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். தவணையைத் தேதியோடு கட்டாமல் வேலையின் நிலையோடு கட்டுங்கள்: அடித்தளம், கான்கிரீட் கூடு, பூச்சு. நிலத்தின் மேல் கட்டுமான நிறுவனம் வாங்கிய வங்கிக் கடன் இருந்தால், உங்கள் வீட்டுக்கு அதை விடுவிக்கும் நிபந்தனை எழுத்தில் வேண்டும். சூறாவளிக் காப்பீட்டில், சேதத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கைப் பாருங்கள். பெரும்பாலும் அது சேதத் தொகையில் வராது, காப்பீட்டு மதிப்பின் சதவீதமாக வரும். 2022 செப்டம்பரில் ஃபியோனா சூறாவளி அடித்தது புன்டா கானா இருக்கிற கிழக்குப் பகுதியைத்தான்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது தனிக் கதை. இங்கே வசிப்பவருக்கு ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 2,50,000 டாலர் வரம்பு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் வெளிநாட்டு அசையாச் சொத்து முதலீடு என்ற எஸ்0005 குறியீடு. 'குடும்பச் செலவு' என்று போட்டு அனுப்பினால் பின்னால் சிக்கல். இதற்கு வங்கி கடன் கொடுக்காது, கையிருப்புப் பணம்தான். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்துக்கொள்ளும். டாலர் 87 ரூபாய் என்று வைத்தால் 1,50,000 டாலருக்கு 1 கோடியே 30 லட்சத்து 50 ஆயிரம். பிடித்தம் 24 லட்சத்து 10 ஆயிரம். கணக்குத் தாக்கலில் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். கணவன் மனைவி சேர்ந்து அனுப்பினால் வரம்பும் 10 லட்சக் கழிவும் தனித்தனி. அனுப்புகிற எல்லார் பெயரும் உரிமைச் சான்றில் இருக்கட்டும். அனுப்பிய தொகை 180 நாளுக்குள் முதலீடாகாவிட்டால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தெஸ்லிந்தே முடியாத மனைக்கு முன்கூட்டியே பணம் அனுப்பக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் அம்பாசமுத்திரத்து வயலை விற்ற பணத்தில் வாங்குகிறார் என்றால், இந்தியப் பணத்துக்கென வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சான்றோடு எடுத்துப் போகலாம். இங்கே வசிப்பவர்கள் வாங்கிய சொத்தை ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். மறந்தால் 2015-இன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 லட்சம் வரையிலான சிறு சொத்துகளுக்கு 2024 அக்டோபரில் வந்த விலக்கில் அசையாச் சொத்து சேராது.

கடைசி நேரத்தில் மின்னஞ்சலில் "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் வக்கீலைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே பணம்.

பெயர் விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். நம் பெயரில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். ஸ்பானிய அலுவலகங்களில் தகப்பன் வழி, தாய் வழி என்று இரண்டு குடும்பப் பெயர் எதிர்பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் 'சுடலைமுத்து' என்று ஒரே பெயர், பான் அட்டையில் அப்பா பெயர் சேர்த்து, வங்கியில் 'எஸ். சுடலைமுத்து' என்று மூன்று விதமாக இருந்தால், எழுத்தர் தனக்குத் தோன்றியதை எழுதிவிடுவார். பிறகு திருத்தம் என்றால் மனு, பிரமாணம், மாதங்கள். முதல் முன்பணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். வரைவில் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் பவர் கொடுக்கலாம். நோட்டரி, மாநில அரசின் சான்று, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, பிறகு அங்கே ஸ்பானிய மொழிபெயர்ப்பு என்று போகும். இரண்டு நாடுகளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டாம். பொது அதிகாரம் வேண்டாம். மனையின் இட எண், அதிகபட்ச விலை, காலாவதித் தேதி மூன்றும் பவரிலேயே இருக்கட்டும். திருமணச் சான்றும் கேட்பார்கள். பழைய கல்யாணமாக இருந்து பதிவாகாமல் கிடந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே பதிந்து, அதையும் அப்போஸ்டில் செய்து வையுங்கள்.

வாரிசு விவரத்தையும் இதே கட்டில் சேர்த்துவிடலாம். அங்கே பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. வாரிசு வரி 3 சதவீதம். 2014-இன் 544-14 சட்டம், வெளிநாட்டவர் தன் நாட்டுச் சட்டப்படி பங்கு போகட்டும் என்று உயிலில் எழுத வழி விடுகிறது. உயில் இல்லாவிட்டால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றுக்கு அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் செய்து சான்டோ டொமிங்கோ வரை பிள்ளைகள் அலைய வேண்டும். அந்தச் சான்றில் இருக்கும் அப்பா பெயரும் உரிமைச் சான்றில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அந்த அலைச்சலும் பலிக்கும்.